பிறரன்பு பாடம்: அன்பு உணர்ச்சியா, வேலையா? பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கோத்தகிரி மறைக்கல்வி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். உறுதிபூசுதல் (கத்தோலிக்கப் பிள்ளைகள் பெறும் ஒரு அருளடையாளம்) வகுப்புக்கு நான்கு ஞாயிறு "பிறரன்பு" தலைப்பு எடுக்கணும். 14 முதல் 16 வயதுப் பிள்ளைகள் 22 பேர், ஒரு வகுப்பு 45 நிமிஷம். பாதிப் பேர் தேயிலை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள், மீதி டவுன் பிள்ளைகள்.

மூணு இடத்தில் முட்டுது.

ஒண்ணு, "அன்பு"ன்னு சொன்னதும் அம்மா பாசமும் சினிமாக் காதலும்தான் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருது. "பிடிக்காதவங்க மேல அன்பு எப்படி சார் வரும், வரலேன்னா பாவமா?"ன்னு நிச்சயம் கேட்பாங்க.

ரெண்டு, எல்லாக் கட்டளையும் அன்பில் அடங்கும்னா மீதிக் கட்டளைகள் எதுக்கு?

மூணு, நாலாவது வாரம் ஏதாவது செய்ய வைக்கணும். போர்வை கொடுத்துட்டு வரிசையா நின்னு போட்டோ எடுக்கிறது வேண்டாம். வேற என்ன செய்யலாம்?

எந்தச் சபைக்காரர்கள் பதில் சொன்னாலும் சரி.

---

குன்னூர் பழைய பாலம்

இயேசுவுக்கே புகழ். ஒரு வேண்டுகோள், முதல் வாரம் அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-ஐ எடுக்காதீர்கள். கல்யாணப் பத்திரிகையில் அச்சாகி அச்சாகி அது வாழ்த்துப் பா மாதிரி ஆகிவிட்டது. பழைய ஏற்பாட்டுச் சட்ட நூலான லேவியர் 19-இல் தொடங்குங்கள்.

காரணம் இது. முதன்மையான கட்டளை எது என்று கேட்டபோது இயேசு புதிதாக எதையும் சொல்லவில்லை. ஏற்கெனவே இருந்த இரண்டு வசனங்களைச் சேர்த்து வைத்தார். கடவுளை முழு இதயத்தோடு நேசிப்பது இணைச்சட்டம் 6:5. பிறரைத் தன்னைப்போல் நேசிப்பது லேவியர் 19:18. அந்த இரண்டாவது வசனம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். 9 முதல் 18 வரை கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.

9, 10: அறுவடையில் வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவை. நம் ஊரில் இது கேரட், உருளைக்கிழங்குத் தோட்டம். முள் போட்டுக் கிளறிய பிறகும் மண்ணில் தப்பிக் கிடக்கிற கிழங்கு எப்போதும் இருக்கும். அதைப் பொறுக்க வருகிறவர்களை விரட்டாமல் இருப்பதுதான் இந்த வசனம். நிலத்துக்காரர் மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வருகிறவர் தன் கையால் எடுத்துக்கொள்கிறார், யார் முன்பும் கை நீட்டவில்லை. இந்த வித்தியாசத்தை நிறுத்தி விளக்குங்கள். நாலாவது வாரத்துக்கும் இதுவே அடிப்படை.

13: கூலிக்காரனுடைய கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது. "பேக்டரிக்காரர் பணம் போட்டதும் தர்றேன்" என்று இலை பறித்தவரைக் காக்க வைப்பது இந்த மலையில் சாதாரணம். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் கூலி வாங்குகிறவர்கள் இருப்பார்கள், சிலர் வீட்டில் கொடுக்கிறவர்கள் இருப்பார்கள். யாரையும் சுட்டாமல் வசனத்தை மட்டும் வாசியுங்கள், அவர்களே பேசுவார்கள். யாக்கோபு 5:4-உம் இதையே சொல்கிறது, இன்னும் காட்டமாக.

15: தீர்ப்பில் பெரியவனுக்கும் சாயாதே, ஏழை என்பதற்காக ஏழைக்கும் சாயாதே. பெரியவர்களே இதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் விழிப்பார்கள்.

16: உன் மக்களிடையே கோள் சொல்லித் திரியாதே. 17: சகோதரனை மனசுக்குள் பகைக்காதே, நேரில் கடிந்துகொள். 18: பழிவாங்காதே, பகையை வைத்துக்கொண்டே இராதே, உன்னைப்போல் பிறனை நேசி.

ஆக, கூலி, தீர்ப்பு, கோள், கோபம் என்று வரிசையாக எழுதிவிட்டு அடியில் போட்ட கூட்டுத்தொகைதான் "நேசி" என்ற சொல். அதே அதிகாரத்தில் 34-ஆம் வசனம் அந்நியனையும் உன்னைப்போல் நேசி என்கிறது, நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்களே என்று காரணமும் சொல்கிறது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் வகுப்பிலேயே இருக்கக்கூடும். இன்று எஸ்டேட்டுக்கு ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வருகிறவர்கள் யார் கண்ணுக்கு அந்நியர் என்று கேளுங்கள்.

"அன்பு வரலேன்னா பாவமா" என்பதற்கு இறையியலாளர் புனித அக்குவினாஸ் தோமாவின் விளக்கம் கைகொடுக்கும். ஒருவருக்கு நன்மையை விரும்புவதே அன்பு. விரும்புவது என்று அவர் சொன்னது மனசின் தீர்மானத்தை. பார்த்ததும் முகம் மலர்வது தானாக வருகிற காரியம், அதற்குக் கட்டளை போட முடியாது. அவருக்கு நல்லது நடக்கட்டும் என்று முடிவெடுத்துக் கையைக் காலை அசைக்கச் சொல்லிக் கட்டளை போடலாம். போட்டிருக்கிறார்கள்.

வீட்டில் பாட்டி தாத்தா இருந்தால் பிள்ளைகளை விசாரிக்கச் சொல்லுங்கள். பழைய மந்திரப் புத்தகத்தில் விசுவாசம், நம்பிக்கைக்கு அடுத்த மூன்றாவது மந்திரத்துக்குப் பெயர் தேவசிநேக மந்திரம். பத்துக் கற்பனைகளை (கட்டளைகளை) ஒப்பித்து முடித்ததும் "இந்தப் பத்தும் இரண்டில் அடங்கும்" என்று சொல்லித்தான் நிறுத்துவார்கள். ஒரு தலைமுறைக்கே இது மனப்பாடம்.

---

மூஞ்சிக்கல் சி.எஸ்.ஐ.

ஸ்தோத்திரம் பிரதர். குன்னூர் ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மொழிபெயர்ப்புப் பற்றி ஒன்று மட்டும் சேர்க்கிறேன், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

எங்கள் பழைய வேதாகமத்தில் "பிறன்" என்று இருக்கும். உங்கள் பொது மொழிபெயர்ப்பில் "உனக்கு அடுத்திருப்பவர்". ஒன்று தூரத்து ஆளைக் காட்டுகிறது, இன்னொன்று பக்கத்து வீட்டைக் காட்டுகிறது. மூலத்தில் உள்ள கிரேக்கச் சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பவர் என்றுதான் பொருள். ஆனால் லூக்கா 10-ஐ (கள்ளர் அடித்துப் போட்ட ஒருவனை, யூதர் ஒதுக்கிய சமாரிய இனத்தான் காப்பாற்றிய கதை) வாசித்து முடிக்கும்போது பக்கத்தில் ஆகிறவன் சமாரியன், அதாவது பிறன். இரண்டு பைபிளையும் மேசைமேல் வைத்து வாசிக்க விடுங்கள்.

மத்தேயு 22:40-உம் அப்படித்தான். தமிழில் நியாயப்பிரமாணம் (திருச்சட்டம்) முழுவதும் இவ்விரண்டு கற்பனைகளில் "அடங்கியிருக்கிறது" என்று போட்டிருக்கிறார்கள். கிரேக்கத்தில் "தொங்குகிறது". சுவரில் ரெண்டு ஆணி, அதில் மற்ற எல்லாக் கட்டளையும் மாட்டியிருக்கு. ஆணியைப் பிடுங்கினால் எல்லாம் கீழே விழும், சரி. ஆனால் ஆணி இருக்குதே என்று சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டால் குளிருக்கு எதைப் போடுவது? உங்கள் ரெண்டாவது கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான். பவுலும் ரோமர் 13:8-10-இல் அன்பே நிறைவேறுதல் என்று சொல்லும்போது விபசாரம், கொலை, களவு, இச்சை என்று பெயர் சொல்லி எண்ணிவிட்டுத்தான் சொல்கிறார்.

நல்ல சமாரியனுக்கு முழு வகுப்பு ஒன்று ஒதுக்குங்கள். நாடகம் போட வேண்டாம், பெண் பிள்ளைகள் சேலை தேடியே நேரம் போய்விடும். ஒரு தாளில் அவன் செய்ததை எண்ணச் சொல்லுங்கள். கண்டான், மனதுருகினான் (மூலச் சொல் குடலோடு சம்பந்தப்பட்டது, நம்ம தமிழில் அடிவயிறு கலங்குவது), கிட்ட வந்தான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், காயம் கட்டினான், தன் மிருகத்தில் ஏற்றினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், அங்கே பராமரித்தான், மறுநாள் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்தான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். பத்து. இதில் உணர்ச்சி ஒன்றே ஒன்று, இரண்டாவது. மீதி ஒன்பதும் கண், கை, கால், காசு, வாக்கு.

பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் விலையை எழுதச் சொல்லுங்கள். மிருகத்தில் அவனை ஏற்றினால் இவன் நடக்கணும். எருசலேம் எரிகோ ரோடு ஏறக்குறைய 1,000 மீட்டர் இறக்கம், கள்ளர் பயம் உள்ள இடம். மேட்டுப்பாளையம் இறங்குகிற பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டாம். ஒரு வெள்ளிக்காசு ஒரு நாள் கூலி என்பது மத்தேயு 20:2-இல் இருக்கிறது, ஆக இரண்டு நாள் கூலி போச்சு. கடைசி வாக்குத்தான் எல்லாவற்றிலும் கஷ்டம். சத்திரக்காரன் எவ்வளவு பில் போடுவான் என்று தெரியாது.

கேள்வி திரும்புகிற இடத்தையும் தவற விடாதீர்கள். இயேசுவைச் சோதிக்க வந்த நியாயசாஸ்திரி கேட்டது "எனக்குப் பிறன் யார்?" இயேசு கேட்டது "இந்த மூவரில் அவனுக்குப் பிறனாக இருந்தவன் யார்?" அவனோ "சமாரியன்" என்று சொல்ல வாய் வராமல் "இரக்கம் செய்தவனே" என்கிறான். சாதிப் பெயரைச் சொல்லத் தயங்குகிற, இல்லை அதை மட்டுமே சொல்லுகிற நம்ம ஊருக்கு அந்த ஒரு வரி போதும்.

---

நடுவட்டம் மூடுபனி

இவ்வளவு பட்டியல் எதுக்குங்க? "அன்பு செய், பிறகு நீ விரும்புவதைச் செய்"னு புனித அகுஸ்தீனாரே சொல்லிட்டாரே. பிள்ளைகளைச் சுதந்திரமா விடுங்க.

---

குன்னூர் பழைய பாலம்

நடுவட்டம் தம்பி, அந்த வரியை எல்லோரும் பாதியில் வெட்டுகிறார்கள். அது யோவானின் முதல் திருமுகத்துக்கு அவர் கொடுத்த ஏழாவது மறையுரையில் வருகிறது. அதே பத்தியில் தொடர்ந்து சொல்வது: மௌனமாக இருந்தால் அன்பினால் இரு, சத்தம் போட்டால் அன்பினால் போடு, திருத்தினால் அன்பினால் திருத்து, விட்டுக்கொடுத்தால் அன்பினால் விட்டுக்கொடு. சற்று முன்னால் ஒரு உதாரணமும் தருகிறார்: தகப்பன் பிள்ளையை அடிக்கிறான், ஆள் கடத்துகிறவன் தடவிக் கொடுக்கிறான். வெளிச்செயலை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவாய் என்பதுதான் வாதம். நினைத்ததைச் செய்ய லைசென்ஸ் என்று எடுத்துக்கொண்டால் அவரே எழுந்து வந்து கடிந்துகொள்வார். (பிள்ளையை அடிப்பது சரி என்று இதிலிருந்து பாடம் எடுத்துவிடாதீர்கள். அது அந்தக் காலத்து உதாரணம்.)

---

லைன் வீட்டு நர்ஸ்

படிப்பு விஷயத்தைப் பெரியவங்க சொல்லிட்டாங்க. நான் நாலாவது வாரத்துக்கு மட்டும் வர்றேன்.

வீடு சந்திக்கப் போங்க. வயசானவங்க, படுக்கையில இருக்கிறவங்க வீட்டுக்கு. 22 பிள்ளைகள்னா 11 ஜோடி வரும், ஆனா 11 வீடு வேண்டாம். அஞ்சு வீடு போதும். ஒரு வீட்டுக்கு நாலு பிள்ளை, கடைசி ரெண்டு வீட்டுக்கு அஞ்சு, ஒவ்வொண்ணுக்கும் கூட ஒரு பெரியவர். வீட்டுக்குள்ள ஒரு நேரத்துல ரெண்டு பிள்ளையும் பெரியவரும் மட்டும் போகட்டும், மத்தவங்க வாசல்ல விறகு அடுக்கலாம், தண்ணி பிடிச்சு வைக்கலாம். லைன் வீட்டு முன்ரூம்ல அதுக்கு மேல உட்கார இடம் கிடையாது, வீட்டுக்காரங்கதான் எழுந்து நிப்பாங்க. ரெண்டு ரெண்டு பேரா போறது ஏழைகளுக்கு உதவுற வின்சென்ட் தே பவுல் சபையில பழைய முறை. 1833-ல பாரிஸ்ல அதைத் தொடங்கின ஓசானாமுக்கு அப்ப வயசு 20தான், உங்க பிள்ளைகளைவிட நாலஞ்சு வயசு மூப்பு. அதைச் சொன்னா நிமிர்ந்து உட்காருவாங்க.

முந்தின வாரமே அன்பியம் (பங்குல பக்கத்து வீட்டுக் குடும்பங்களோட சிறு குழு) பொறுப்பாளர் மூலமா கேட்டுடுங்க. "வரலாமா, எப்ப வரலாம்"னு கேக்கணும், "வர்றோம்"னு சொல்லக் கூடாது. வேண்டாம்னு சொன்னா விட்டுடணும். சாப்பாட்டு நேரம் தவிர்க்கணும், இல்லேன்னா இல்லாத வீட்டுலயும் நமக்கு டீயும் பிஸ்கட்டும் கடன் வாங்கி வைப்பாங்க. 20 நிமிஷத்துக்கு மேல உட்காரக் கூடாது. படுக்கையில இருக்கிறவர் முகத்துக்கு நேரா உங்க முகம் இருக்கணும், நின்னுக்கிட்டே பேசினா கழுத்து வலிக்கும். "எல்லாம் சரியாப் போயிடும்", "இந்தக் கஷாயம் குடிங்க" ரெண்டும் தடை. ஜெபம் பண்ணலாமான்னு கேட்டுட்டுப் பண்ணணும், மத்த மதத்துக்காரர் வீடா இருந்தா அவங்களே கேட்டா மட்டும்.

போன் பையிலேயே இருக்கட்டும். போட்டோவைவிட மோசம் வாட்ஸ்அப் ஜெப விண்ணப்பம். "இன்ன வீட்டு அக்காவுக்காக வேண்டிக்கோங்க, கர்ப்பப்பையில கட்டி"ன்னு குரூப்ல ஒருத்தர் போடுவாங்க. சாயங்காலத்துக்குள்ள பஸ் ஸ்டாண்ட் முழுக்கத் தெரியும். குன்னூர் ஐயா சொன்ன 16-ஆம் வசனம் இதுதான், பக்தி வேஷத்துல. பேரும் நோயும் சொல்லாம "ஒரு குடும்பத்துக்காக"ன்னு சொன்னா கடவுளுக்கு விலாசம் தெரியாதா?

பொருள் கொடுக்கிறதுன்னா யோசிச்சுக் கொடுங்க. மலையில நல்ல மனசோட கொடுக்கிற மூணு பொருள் ஆளைக் கெடுக்கும்.

அடுப்புக்கரி. குளிருக்குன்னு ஒரு மூட்டை வாங்கிக் கொடுத்துடுவாங்க. ராத்திரி ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்குல துணி அடைச்சு, கரிச்சட்டியைக் கட்டில் பக்கத்துல வெச்சுத் தூங்கினா கார்பன் மோனாக்சைடு சேரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. "புகையே வரலையே, நல்லாக் கனிஞ்ச கரிதானே"ன்னு நினைக்கிறாங்க பாருங்க, அங்கேதான் தப்பு. தலைவலி, குமட்டல், அசதின்னு ஆரம்பிக்கும், தூக்கத்துல இருக்கிறவருக்கு அதுவும் தெரியாது. ஊட்டி, கொடைக்கானல் வர்ற டூரிஸ்ட்டும் இப்படிச் செத்திருக்காங்க. யாராவது அப்படிக் கிடந்தா கதவைத் திறந்து, ஆளை வெளிக்காத்துக்கு இழுத்துட்டு வந்து, 108 கூப்பிடணும். கரிக்குப் பதிலா தடிச்ச கம்பளி, கம்பளிச் சாக்ஸ், கதவுக்குக் கீழ் இடுக்குக்கு ஒரு சாக்குச் சுருள் கொடுங்க. அடுப்பு எரியாத வீட்டுல மட்டும் அந்தச் சுருள்.

சுடுதண்ணிப் பை. சர்க்கரை உள்ளவங்களுக்குக் காலில் உணர்ச்சி குறைஞ்சிருக்கும், சுட்டுக் கொப்புளம் வந்தாக்கூடத் தெரியாது. அந்தப் புண் லேசுல ஆறாது.

அப்புறம் ஹார்லிக்ஸ், பிஸ்கட், வாழைப்பழம். நோயாளி வீடுன்னாலே இது மூணும்தான். சர்க்கரையா, கிட்னியான்னு கேக்காம வாங்காதீங்க.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு, அதுக்குக் காசே வேண்டாம். "கீழே" ஆஸ்பத்திரிக்குப் போகத் துணை. கோயம்புத்தூர் போய்த் திரும்ப ஒரு நாள் முழுக்கப் போயிடும், வீட்டுல இருந்து ஒருத்தர் கூடப் போனா ஒரு நாள் கூலி போச்சு. அதனாலேயே தேதி தப்பிப்போகுது, மாத்திரை நின்னுபோகுது. உங்க பிள்ளைகள் போக வேண்டாம். அவங்க செய்யக்கூடியது, சந்திச்ச வீட்டுல அடுத்த ஆஸ்பத்திரித் தேதி என்னன்னு கேட்டுக் காலண்டர்ல வட்டம் போட்டு, அன்பியத்துல ஒரு பெரியவரிடம் சொல்றது.

---

மூஞ்சிக்கல் சி.எஸ்.ஐ.

நர்ஸ் அக்கா சொன்னதில் பழைய துணி விஷயம் விட்டுப்போச்சு. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டின மாதிரி ஏதாவது நடந்தால் எல்லாச் சபையும் முதலில் கட்டுவது துணி மூட்டைதான். பட்டன் போன சட்டை, சமவெளிக்கான நைலான் சேலை, ஒற்றைச் செருப்பு. நனைந்து மக்கி, கடைசியில் அதைக் குப்பையில் போட இன்னொரு லாரி. கேட்டுவிட்டு அனுப்புங்கள். பெரும்பாலும் கேட்பது உள்ளாடை, நாப்கின், தார்ப்பாய், டார்ச்.

---

கோத்தகிரி மறைக்கல்வி

ரொம்ப நன்றி. அப்படியே எடுத்துக்கிறேன். ஒரு சந்தேகம் பாக்கி. "பகைவரையும் நேசி" வரும்போது, "அப்பா குடிச்சிட்டு அம்மாவை அடிக்கிறார், அவரையும் நேசிச்சுப் பொறுத்துக்கணுமா"ன்னு ஒரு பிள்ளை கேட்டா?

---

குன்னூர் பழைய பாலம்

பொறுத்துக்கொள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நன்மையை விரும்புவதுதான் அன்பு என்றால், அடிக்கிறவர் தொடர்ந்து அடிப்பது அவருக்கே நன்மை இல்லை. அவரைத் தடுப்பதும், அம்மா பிள்ளைகளோடு பத்திரமான இடத்துக்குப் போவதும் அன்புக்கு எதிரானவை அல்ல. மன்னிப்பு ஒன்று, மறுபடி சேர்ந்து வாழ்வது வேறொன்று. முதலாவது மனசில் நடக்கும், இரண்டாவதற்கு எதிராளி மாற வேண்டும். ரோமர் 12:18-இல் பவுலே இரண்டு நிபந்தனை வைத்திருக்கிறார்: "கூடுமானால்", "உங்களால் ஆனமட்டும்".

பகைவர் அன்புக்கு விடுதலைப் பயணம் 23:4, 5 நல்ல அளவுகோல். எதிரியின் மாடு வழிதவறி வந்தால் திருப்பிக் கொண்டுபோய் விடு. அவன் கழுதை சுமை தாங்காமல் விழுந்தால் தூக்கிவிட உதவு. அவனோடு உட்கார்ந்து டீ குடிக்கச் சொல்லவில்லை. வரப்புத் தகராறு உள்ள பக்கத்துத் தோட்டக்காரரின் மாடு நம் முட்டைக்கோசில் இறங்கினால், கல்லெறியாமல் ஓட்டிவிட்டுத் தகவல் சொல்வது அந்த அளவு. 14 வயதில் இது புரியும்.

---

லைன் வீட்டு நர்ஸ்

அப்படி ஒரு பிள்ளை வகுப்புல கேட்டா அது பொதுக் கேள்வியா இருக்காதுங்க. எல்லார் முன்னாடியும் விசாரிக்காதீங்க. வகுப்பு முடிஞ்சதும் மத்தவங்க கண்ணுல படுற இடமாப் பார்த்துத் தனியாப் பேசுங்க. "யாருக்கும் சொல்ல மாட்டேன்"னு வாக்குக் கொடுத்துடாதீங்க, காப்பாத்த முடியாது. "உதவி பண்ணக்கூடியவங்ககிட்ட மட்டும் சொல்வேன்"னு சொல்லுங்க. பிள்ளைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. ரெண்டு நம்பரையும் முதல் வாரத்திலிருந்தே வகுப்பு நோட்டீஸ் போர்டுல ஒட்டி வெச்சிடுங்க, அப்பதான் யாருக்காக ஒட்டினீங்கன்னு எவரும் பார்க்க மாட்டாங்க.

---

கோத்தகிரி மறைக்கல்வி

ஒட்டிடறேன் அக்கா. முதல் வாரம் லேவியர் 19, ரெண்டாவது சமாரியன், மூணாவது பகைவர், நாலாவது அஞ்சு வீடு. கொரிந்தியரைக் கடைசியில் பத்து நிமிஷம் வாசிக்கலாமா?

---

மூஞ்சிக்கல் சி.எஸ்.ஐ.

வாசிக்கலாம், வீடு சந்தித்துவிட்டு வந்த பிறகு. 4 முதல் 7 வரை கிரேக்கத்தில் பதினைந்தும் வினைச்சொற்கள், "அன்பு இப்படிப்பட்டது" என்கிற பெயரடையே கிடையாது. அதில் "தீங்கு நினையாது" என்று வருவது கணக்கு எழுதுகிற சொல். கடையில் பற்று நோட்டு இருக்குமே, அதில் எதிராளி செய்த தீமையை வரவு வைக்காது என்று அர்த்தம். ஒரு பழைய பற்று நோட்டு கிடைத்தால் கையில் எடுத்துப் போங்கள், கடைக்காரர் பக்கங்களை மறைத்துவிட்டு.